அரிசி அளவு ரெசிஸ்டர்

என் அண்ணன் யாரையாவது அவமானப்படுத்துவதென்றால் முதலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பான். டீ வரவழைப்பான். டீ பாதி இறங்கிய பிறகுதான் ஆரம்பிப்பான். பாதி டீயோடு எழுந்து போக யாருக்கும் மனசு வராது என்பது அவனுக்குத் தெரியும். மரக்காணத்தில் அவன் குத்தகைக்கு எடுத்திருக்கும் உப்பளத்தின் பம்பு ஷெட்டில் என்னையும் அப்படித்தான் ஒருநாள் உட்கார வைத்தான். பாத்தியில் வேலை செய்யும் பெண்களைக் கூப்பிட்டுச் சுற்றி நிற்க வைத்திருந்தான்.

"என்ஜினியரம்மா வந்திருக்காங்க. சுவிட்ச ஆஃப் பண்ணாலும் இந்த மோட்டாரு ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு இப்ப சொல்லுவாங்க. எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது. பெல்ட் சடசடவென்று அடிக்க, பம்பு உப்புத்தண்ணீரைக் கக்கிக்கொண்டே இருந்தது. நிரம்பிய பாத்திகளின் வரப்பு ஒரு பக்கம் கரைந்து, விளைந்திருந்த உப்பு தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தான். உப்பு போவதைவிட நான் தலைகுனிவது அவனுக்கு ருசியாக இருந்தது.

நான் டீயைக் கீழே வைத்தேன். உப்புக் குவியலை மூடியிருந்த தார்ப்பாயை உருவி இழுத்து வந்து சோலார் பேனல்கள்மேல் போட்டேன். வயதில் மூத்த ஒரு அக்காவும் அவர் மகளும் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார்கள். பேனல் இருட்டானதும் மோட்டார் நின்றது.

"பாத்தியா, தார்ப்பாய் போட்டுத்தான் நிறுத்தணும். இதுக்கு நாலு வருசம் காலேஜி" என்றான் அண்ணன்.

மோட்டாரை ஓட்டிய அந்தப் போர்டை நான் அவனிடம் கொடுக்கவில்லை என்பதை அங்கே நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பான். நடந்தது இதுதான். பம்பை ஓட்டிவந்த பழைய டீசல் என்ஜின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. இடையஞ்சாவடிப் பக்கம் மூடிவிட்ட ஒரு விருந்தினர் விடுதியிலிருந்து, சாமான் இழுக்கும் பேட்டரி வண்டியின் மோட்டாரையும் சில சோலார் பேனல்களையும் அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தான். நான் குயிலாப்பாளையத்தில் சோலார் விளக்கு செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். செய்து தருகிறாயா என்று அவன் கேட்கவில்லை. கேட்பது அவன் பழக்கத்தில் இல்லை. "படிச்சதுக்கு எதுனா உருப்படியா பண்ணு" என்று மோட்டாரை என் அறை வாசலில் போட்டுவிட்டுப் போனான்.

நானும் ஆரம்பித்தேன். முதலில் மோட்டார் சுற்றுகிறதா என்று மட்டும் பார்ப்பதற்காக ஒரு போர்டை அவசரமாகக் கட்டி மேசைமேல் வைத்திருந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போய் ஷெட்டில் மாட்டிவிட்டான். போர்டு ஓடியது. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் நிற்க மறுத்தது.

அது ஏன் நிற்கவில்லை என்பதை உப்பளத்தில் பிறந்த யாருக்கும் நான் சொல்லிப் புரியவைக்க முடியும், கேட்கிற பொறுமை இருந்தால். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடுவது மாஸ்ஃபெட் என்கிற சின்னச் சாமான். அதற்கு மூன்று கால். அதில் ஒரு கால் கேட். கேட்டில் போதுமான வோல்ட்டேஜ் ஏறினால் மாஸ்ஃபெட் திறக்கும், இறங்கினால் மூடும். பாத்திக்குத் தண்ணீர் விடும் மடை மாதிரிதான். மடையை முழுசாகத் திறக்க வேண்டும், இல்லை முழுசாக மூட வேண்டும். பாதி திறந்து வைத்தால் தண்ணீர் சீறிக்கொண்டு போய் இரண்டு பக்கக் கரையையும் அரித்துவிடும். அந்த அவசரப் போர்டில் மாஸ்ஃபெட்டின் கேட்டை கட்டளை கொடுக்கும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரின் காலோடு நேராக இணைத்திருந்தேன். அதில் வருவது ஐந்து வோல்ட். இந்த மாஸ்ஃபெட் முழுசாகத் திறக்கப் பத்து, பன்னிரண்டு வேண்டும். அதனால் அது பாதி திறந்தபடி சூடேறிச் சூடேறிச் செத்தது.

மாஸ்ஃபெட் சாவதில் ஒரு கெட்ட குணம் உண்டு. அது பெரும்பாலும் மூடிக்கொண்டு சாகாது. திறந்துகொண்டுதான் சாகும். செத்த பிறகு நீ சுவிட்சை என்ன செய்தாலும் மோட்டார் ஓடும்.

அண்ணன் சிரித்த அந்த மத்தியானம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இவன் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பெட்டி செய்வது என்று. நல்ல எண்ணத்தில் செய்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கோபத்தில் செய்தேன். ஆனால் கோபத்தில் செய்தாலும் ஒழுங்காகச் செய்தேன்.

பட்டறையில் சாப்பாட்டு இடைவேளையெல்லாம் அதிலேயே போனது. கேட் என்பது உள்ளுக்குள் ஒரு குட்டித் தொட்டி. அதை நிரப்பினால் மாஸ்ஃபெட் திறக்கும், காலி செய்தால் மூடும். நிரப்புவதும் காலி செய்வதும் சட்டென்று நடக்க வேண்டும். மெதுவாக நடந்தால் அந்தப் பாதி திறந்த நிலையில் நேரம் போகும், மறுபடி சூடு. மைக்ரோகன்ட்ரோலருக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதனால் நடுவில் இரண்டு ட்ரான்சிஸ்டர்களை வைத்தேன். ஒன்று பன்னிரண்டு வோல்ட்டிலிருந்து கேட்டை நிரப்ப, இன்னொன்று கேட்டைத் தரைக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இழுத்துக் காலி செய்ய. ஒன்று வேலை செய்யும்போது மற்றது சும்மா இருக்கும். இரண்டையும் ஏவுவதற்கு முன்னால் இன்னொரு குட்டி ட்ரான்சிஸ்டர். கேட்டுக்குப் போகும் வழியில் சின்ன ரெசிஸ்டர் ஒன்று, நிரப்புகிற வேகத்தில் கேட் அதிர்ந்து ஆடாமல் இருக்க. கேட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஜீனர் டயோடு, மோட்டாரிலிருந்து திரும்பி அடிக்கும் வோல்ட்டேஜ் கேட்டின் மெல்லிய தோலைக் கிழித்துவிடாமல் இருக்க.

கடைசியாக இன்னொரு ரெசிஸ்டர். அரிசி அளவுதான் இருக்கும். மாஸ்ஃபெட்டின் கேட் காலையும் தரைக் காலையும் இணைத்து, போர்டில் இல்லாமல், காலிலேயே ஒட்டிப் பற்றவைத்தேன். மோட்டாரை ஓட்டுவதற்கு அது தேவையே இல்லை. எடுத்துவிட்டாலும் பெட்டி அதேபோல ஓடும். அது எதற்கு என்றால், கேட்டுக்கு வரும் கம்பி அறுந்துபோனாலோ, கனெக்டர் கழன்றுபோனாலோ, யாரும் எதுவும் சொல்லாமல் கேட் அந்தரத்தில் தொங்கினாலோ, அப்போது மூடியே இரு என்று சொல்வதற்கு. தொங்கும் கேட்டைப் போல ஆபத்தான ஒன்று கிடையாது. பக்கத்துக் காலிலிருந்து கொஞ்சம் கசிந்தால் போதும், தானே திறந்துகொள்ளும். மரக்காணம் காற்றில் கசிவதற்குக் கேட்கவா வேண்டும். இங்கே சைக்கிள் செயினிலிருந்து கோயில் பூட்டு வரை எல்லாவற்றின்மேலும் உப்பு ஈரம் படிந்திருக்கும். கனெக்டரின் பித்தளைக் கால்கள் பச்சை பூத்து உதிரும். அதனால்தான் ரெசிஸ்டரை மாஸ்ஃபெட்டின் காலிலேயே வைத்து, மேலே நகப்பூச்சு அடித்தேன். என்னிடம் அப்போது இருந்தது மெரூன் நிறம்.

இதெல்லாம் பெட்டிக்குள்ளே. வெளியே, மோட்டாருக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் சிவப்புக் கைப்பிடி வைத்த பெரிய சுவிட்ச் ஒன்றை மாட்டினேன். ஷெட்டில் இருக்கும் சுவிட்ச், பெட்டிக்குள் உள்ள ட்ரான்சிஸ்டர்களுக்குச் சொல்லும், அவை மாஸ்ஃபெட்டுக்குச் சொல்லும். சிவப்புக் கைப்பிடி யாருக்கும் சொல்லாது. பேனலிலிருந்து வரும் கம்பியையே வெட்டிவிடும்.

அது ஏன் வேண்டும் என்று, அன்று தார்ப்பாயைப் பிடித்த அந்த அக்காவின் கையைப் பார்த்துத்தான் எனக்குத் தோன்றியது. உப்பளத்தில் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலம்புவார்கள். பலகை, கூடை, கால், பம்பு எல்லாம். அலம்பாவிட்டால் உப்பு தின்றுவிடும். பம்பை அலம்பும்போது பெல்ட் ஓடும் சக்கரத்தின் பள்ளத்தில் இறுகிப்போன உப்பை விரலால் வழித்து எடுப்பார்கள். டீசல் என்ஜின் காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த என்ஜின் நின்றுவிட்டால் நின்றதுதான். அதை ஓடவைக்க ஓர் ஆள் கைப்பிடியைப் போட்டு மூச்சைப் பிடித்துச் சுற்ற வேண்டும். அதனால் நின்ற சக்கரத்தைக் கண்டு பயப்பட அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் தொடாமலே கிளம்பக்கூடிய மோட்டார் என்று ஒன்று உண்டு என்பது அவர்கள் கைகளுக்குத் தெரியாது.

"அக்கா, அலம்பறதுக்கு முன்னாடி இந்தச் செவப்ப இறக்கிடுங்க. ஷெட்டு சுவிட்ச நம்பாதீங்க" என்றேன்.

"சரிம்மா. செவப்ப இறக்கிட்டு கைய வைக்கணும். அவ்ளோதானே" என்றார் அக்கா. சொன்னபடியே செய்தார்.

பெட்டி ஒரு வெயில் காலம் முழுக்க ஓடியது. மழை வந்து உப்பளம் மூடி, மறுபடி தை முடிந்து புது உப்புக்குப் பாத்தியை மிதித்துத் தயாராக்கும்போது கிளப்பினார்கள், அப்போதும் ஓடியது. அண்ணன் வாய் அடைபட்டது. அது எனக்கு நிறைந்த சந்தோஷம். அவன் பாராட்டவில்லை, பெட்டியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான்.

ஆனால் சிவப்புக் கைப்பிடி அவன் கண்ணை உறுத்தியது. பெண்கள் அலம்பும்போது அதை இறக்குவார்கள். இறக்கியதும் கொஞ்சம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். டீசல் என்ஜினை அவர்களால் நிறுத்த முடியாது, அது முதலாளியின் உரிமை. இப்போது ஒரு கைப்பிடி அவர்கள் கையில் இருந்தது. அதை அவனால் தாங்க முடியவில்லை.

"அது இன்னா அவளுங்களுக்கு ரெஸ்ட் எடுக்கிற சுவிட்சா?" என்று சாப்பிடும்போது ஒருநாள் கேட்டான்.

"கை போவாம இருக்கிற சுவிட்சு" என்றேன்.

"இதுவரைக்கும் எவ கை போயிருக்குது?"

அந்த வருஷம் பக்கத்து அளத்தையும் அவன் எடுத்தான். அதற்கும் ஒரு பம்பு வேண்டும், ஒரு பெட்டி வேண்டும். என்னிடம் கேட்டால் கேட்டதாகிவிடும். அதனால் என் பெட்டியைக் கழற்றித் திண்டிவனத்தில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கட்டுகிற ஒருவரிடம் கொடுத்து, இதே மாதிரி இன்னொன்று செய்யச் சொன்னான். அவர் கெட்டிக்காரர். பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் அப்படியே செய்துவிட்டார், ஒன்றைத் தவிர. மெரூன் பூச்சுக்கு அடியில் இருந்த அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டார். அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தார், ஓடியது. தேவையில்லாத சாமான் என்று முடிவு செய்தார். சிவப்புக் கைப்பிடியை வேண்டாம் என்று சொன்னது என் அண்ணன்.

புது அளத்துப் பம்புக்கு அந்த அக்காவைத்தான் போட்டான். அவருக்கு மோட்டாரோடு பழக்கம் இருந்ததே, அதனால்.

மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெயில் நன்றாக ஏறியிருந்தது. உப்பு வழித்து முடித்துவிட்டு ஷெட்டு சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். அக்கா வழக்கம்போல இரண்டு குடம் நல்ல தண்ணீரை மோட்டாரின்மேல், பெட்டியின்மேல் ஊற்றி அலம்பியிருக்கிறார். பெட்டிக்குள் கேட்டுக்குப் போகும் கனெக்டர் ஏற்கெனவே பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. கேட் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் உள்ளே கசிந்து, படிந்திருந்த உப்பைக் கரைத்து, மாஸ்ஃபெட்டின் கால்களுக்கு நடுவே வழி போட்டுக் கொடுத்தது. கேட்டை மூடியே இரு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. அக்காவின் விரல்கள் சக்கரத்தின் பள்ளத்தில் இருந்தன. மோட்டார் ஒரு முறை உதறிவிட்டுக் கிளம்பியது.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. விரல்களைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக் கொண்டுபோனார்களாம். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவற்றைப் பார்த்துவிட்டு, உப்புத்தண்ணியில் கிடந்ததை ஒட்ட முடியாது என்று சொன்னார்களாம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வார்டு வராந்தாவில் அக்காவின் சொந்தக்காரர்களுக்கு நடுவே என் அண்ணன் நின்றிருந்தான். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருந்தான். நான் வருவதைப் பார்த்ததும் குரலை ஏற்றினான்.

"எல்லாம் என் தங்கச்சி போட்ட டிசைனு. நான் படிக்காதவன், எனக்கு இன்னா தெரியும். அவ செஞ்சிருக்கிறாளே, நல்லாத்தான் இருக்கும்னு நம்பினேன்."

அவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் மகள் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

வராந்தாவிலிருந்து நேராக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புது அளத்துக்குப் போனேன். பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. மாஸ்ஃபெட்டின் கால்கள் வெறுமையாக இருந்தன. கனெக்டரைத் தொட்டதும் கையோடு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

வீட்டுக்கு வந்த அண்ணனிடம் அந்த ரெசிஸ்டரில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"இது அந்தப் பொட்டியில இல்ல. இது இருந்திருந்தா மோட்டாரு கிளம்பியே இருக்காது."

எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "அரிசி சைஸு இருக்குது. இதுவா அவ வெரல வெட்டுச்சி?"

"நாளைக்கு காலையில நான் போயி இத வச்சிட்டு வர்றேன். செவப்பு சுவிட்சும் வைக்கிறேன். அதுவரைக்கும் ஓட்டாத."

"நீ அதுல கைய வைக்கக் கூடாது" என்றான். இந்த முறை சிரிக்கவில்லை. "இப்ப போயி நீ எதுனா புதுசா மாட்டுனா, அப்ப முன்னாடி இருந்த பொட்டி சரியில்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவ ஆளுங்க சும்மா இருப்பானுங்களா? கனெக்டர மாத்தச் சொல்லிட்டேன். அது போதும். அவ பாக்காம கைய வச்சா, அவ்ளோதான்."

"ஆஸ்பத்திரியில என் டிசைனுன்னு சொன்ன."

"உம்மேல யாரு வந்து கேக்கப் போறா. நீ ஊட்டுப் பொண்ணு."

அவன் சொன்னது சரிதான். யாரும் வந்து கேட்கவில்லை. புதுக் கனெக்டரும் எத்தனை நாளைக்கு. அதே காற்று, அதே இரண்டு குடம் தண்ணீர்.

அக்காவின் கை ஆறியதும் அண்ணன் அவருக்கு ஒரு வேலை கொடுத்தான். ஊரே அவன் மனசைப் புகழ்ந்தது. பாத்தியில் பலகை பிடிக்க முடியாதவளை விட்டுவிடாமல் நிழலில் உட்கார வைத்துச் சோறு போடுகிறானே என்று. வேலை இதுதான்: ஷெட்டில் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் சொல்லாமல் யாரும் மோட்டாரை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பம்பை அலம்பும் வேலை அக்காவின் மகளுக்குப் போனது. புது ஆளைப் பழக்க வேண்டாம், அம்மா பக்கத்திலேயே இருந்து சொல்லிக்கொடுப்பாள் என்று அண்ணன் சொன்னான்.

இதைக் கேள்விப்பட்ட பிறகு அவனிடம் இரண்டு முறை பேசினேன். முதல் முறை டிவி சத்தத்தைக் கூட்டினான். இரண்டாம் முறை, என்னைக் குயிலாப்பாளையத்துக்கு வேலைக்கு அனுப்புவதையே நிறுத்திவிடுவதாகச் சொன்னான். அம்மாவிடம் சொன்னேன். அண்ணன் சொல்வதைக் கேள் என்றாள். அவளும் அவன் போட்ட டீயைப் பாதி குடித்தவள்தான்.

ஒரு திங்கட்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுப் புது அளத்துக்குப் போனேன். பையில் ரெசிஸ்டரும், நகப்பூச்சும், பேட்டரியில் சூடாகும் சால்ட்ரிங் அயர்னும், ஒரு சிவப்புக் கைப்பிடி சுவிட்சும் இருந்தன. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சுவிட்சுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. என்னை உட்கார வைத்த அதே நாற்காலி.

"அக்கா, கொஞ்ச நேரம் நிறுத்தணும். பொட்டியில ஒரு சாமான் வைக்கணும்."

"மொதலாளி சொன்னாராம்மா?"

"இல்ல. நான்தான் வைக்கிறேன்."

"அவரு சொல்லாம நிறுத்தக் கூடாதும்மா."

நான் ரெசிஸ்டரைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். எது விட்டுப்போனது, யார் விட்டது, எது வேண்டாம் என்று யார் சொன்னது, தண்ணீர் எங்கே போனது, அன்று மோட்டார் ஏன் கிளம்பியது எல்லாம். அவர் கேட்டார்.

"உங்க பொண்ணு கையி அதுக்குள்ள போவுது அக்கா. தினமும் போவுது."

"தெரியும்மா. நான்தானே பாத்துக்கினு இருக்கேன்." பாத்திப் பக்கம் பார்த்தார். அவர் மகள் குனிந்து உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். "இந்த வேலையும் போச்சின்னா ஒத்தக் கையோட நான் எங்க போவேன்? எவன் குடுப்பான்? நீ ஊட்டுக்குப் போயி சோறு துன்னுட்டு படுத்துக்குவ. போம்மா. வெயில் ஏறுது."

இங்கே நான் போயிருக்கலாம். நல்ல மனிதர்கள் போயிருப்பார்கள், போய் வேறு வழி பார்த்திருப்பார்கள். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. தன் விரலைத் தின்ற பெட்டிக்கு அவர் காவல் உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. நான் ஷெட்டை விட்டு வெளியே வந்து உப்புக் குவியலின் தார்ப்பாயை உருவினேன். அதை இழுத்துக்கொண்டு பேனலை நோக்கிப் போவதைப் பார்த்ததும் நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முன்பு அதன் மறுமுனையைப் பிடித்தவர் அவர்தான். எழுந்து ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார், இந்த முறை தன் பக்கம் இழுப்பதற்காக. இடது கையால் இழுத்தார். வலது கையும் தன்னாலே முந்தானையிலிருந்து வெளியே வந்து பிடிக்கப் பார்த்தது. பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. தார்ப்பாய் நழுவியது.

நான் இழுத்தேன். மூன்று விரல் இல்லாத ஒருத்தியோடு இழுபறி செய்து ஜெயித்தேன்.

மோட்டார் நின்றது. அக்கா இடுப்பிலிருந்து போனை எடுத்து, தட்டுத் தடுமாறி, அண்ணனைக் கூப்பிட்டார். நான் பெட்டியைத் திறந்து வேலையைப் பார்த்தேன். ஈரத்தைத் துடைத்து, மாஸ்ஃபெட்டின் கால்களைச் சுரண்டி, ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். பூச்சு அடித்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கைப்பிடியை மாட்டினேன். தார்ப்பாயை எடுத்ததும் மோட்டார் ஓடியது. சோதனைக்காக, ஓடும்போதே கேட்டுக்கு வரும் கனெக்டரைப் பிடுங்கினேன். மோட்டார் உடனே நின்றது. மகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அவள் பயந்து பயந்து ஊற்றினாள். மோட்டார் அசையவில்லை. கனெக்டரைத் திரும்பச் செருகினேன். அண்ணன் பைக்கில் வந்து இறங்கும்போது எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அக்காவிடம் போனான்.

"உன்ன எதுக்கு இங்க ஒக்கார வச்சேன்?"

"நான் சொன்னேங்க. கேக்கல. இழுத்துப் புடிச்சேங்க."

"நாளையிலேர்ந்து வர வேணாம்."

"நிறுத்துனது நான்தான். அவங்கள ஏன் சொல்ற? என்னக் கேளு" என்று நடுவில் போய் நின்றேன்.

"நீ ஊட்டுப் பொண்ணு. உன்ன நான் இன்னா பண்ண முடியும்?" என்றான். பிறகு பாத்திப் பக்கம் கை காட்டினான். "உன் பொண்ணு வரட்டும். அவள ஒண்ணும் சொல்லல. எனக்கு வேல செய்ற கையி வேணும்."

அக்கா அவன் காலில் விழுந்தார். நான் தூக்கப்போனேன். என் கையைத் தட்டிவிட்டார். எழுந்து சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வரப்புமேல் நடந்து போகும்போது என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார்.

"வெரலுக்கு நான் யாரையும் கேக்கல. என் தலையெழுத்துன்னு உட்டுட்டேன். என் வேலைக்கு உன்னத்தான் கேக்கணும்."

மறுபடியும் அப்படிச் செய்வாயா என்று என்னை நானே கேட்டுக்கொண்டால், செய்வேன் என்றுதான் சொல்வேன். அவர் என்னை வெறுப்பதும் சரி. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு தூங்க எனக்கு இன்னும் பழகவில்லை.

சிவப்புக் கைப்பிடியை அண்ணன் அந்த வாரமே பிடுங்கிவிட்டான். பெட்டியையும் திறந்து நான் என்ன வைத்தேன் என்று தேடியிருக்கிறான். மெரூன் பூச்சடித்த ஒரு பிசுக்கைத்தான் பார்த்திருப்பான். அதுதான் என்று அவனுக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டான். பெட்டிக்கு இப்போது பூட்டு போட்டிருக்கிறான். ஷெட்டுப் பக்கம் நான் போகக் கூடாது. நகப்பூச்சு எத்தனை வெயிலைத் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த மகள் தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பள்ளத்துக்குள் கையை விடுகிறாள். அவள் கைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இருப்பது அந்த அரிசி ஒன்றுதான்.

போன வாரம் அனுமந்தை பஸ் நிறுத்தத்தில் இருவரையும் பார்த்தேன். ஸ்கூட்டரை நிறுத்தினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு கையிலும் பை வைத்திருந்தாள். அந்தக் கைகளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தேன், எண்ணினேன். பத்தும் இருந்தன. பஸ் வந்தது. அம்மாவை முன்னால் ஏற்றிவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள்.